மஞ்சள் குடைக்குப் பின்னால்

எங்கள் சந்தில் சாவிக்கடை வைத்திருப்பவன் நான். பூட்டு ரிப்பேர், டூப்ளிகேட் சாவி, சாவியைத் தொலைத்தவர்களுக்கு அவசரமாகக் கதவு திறந்து கொடுப்பது, இதுதான் பிழைப்பு. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. யார் வீடு மாறுகிறார்கள், யார் பெண்டாட்டிக்குத் தெரியாமல் அலமாரிக்கு இரண்டாவது சாவி போடுகிறார்கள் என்பதெல்லாம் தானாகக் கடை தேடி வருகிறது. வந்த சேதியை வாசலிலேயே நில் என்று சொல்ல முடியுமா?

அன்றைக்குக் காலையில் வந்த சேதி, எதிர்வீட்டு மாடியிலிருந்து படியிறங்கி வந்தது. இடுப்பில் குழந்தையோடு வந்த பெண், கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, இன்னிக்கு வீட்ட காலி பண்றோம். சாயங்காலம் அம்மா கூட்டத்தோட வர்றதுக்குள்ள லாரி கெளம்பிடும். அவங்ககிட்ட மூச்சு விடாதீங்க."

"எந்தப் பக்கம்மா போறீங்க?"

"அத உங்ககிட்ட சொல்றதுக்கு மணிக்கூண்டுல ஏறி நின்னு மைக்குல சொல்லிடலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. என்னை இவ்வளவு சரியாக எடை போட்டவர்கள் குறைவு. குழந்தை என் சாவிக்கொத்தை இழுத்துக்கொண்டே, "குடை வருமா?" என்று கேட்டது. "வராது" என்று அவள் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

அவள் சொன்ன அம்மா, எங்கள் வட்டாரத்துக்கே தெரிந்த கைடம்மா. பழைய துறைமுகப் பகுதியை ஒரு நாள் முழுக்க நடந்தே சுற்றிக் காட்டுவது அவர் தொழில். காலையில் மணிக்கூண்டடியில் கூட்டம் சேரும். கையில் ஒரு மஞ்சள் குடை. வெயிலோ மழையோ மந்தாரமோ, அதை விரித்துத் தலைக்கு மேல் உயரப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். பின்னால் வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. குடை போகிற பக்கம் கால் போனால் போதும். யாராவது பின்தங்கி, "அம்மா, எங்க இருக்கீங்க?" என்று குரல் கொடுத்தால் திரும்ப மாட்டார். குடையை இன்னும் ஒரு சாண் உயர்த்துவார். அதுதான் பதில்.

தொழில் சுத்தம். வாய்தான் கொஞ்சம் தாராளம். கிடங்கைக் காட்டினால் கிடங்கு என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார். உள்ளே யாரையாவது பூட்டிச் சாகடித்துவிட்டுத்தான் அடுத்த இடம். படித்த கதை தீர்ந்தால் கேட்ட கதை, கேட்டதும் தீர்ந்தால் வீட்டுக் கதை. அங்கேதான் வினை வந்தது. மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோய், அந்தப் பெண் கடலோரப் படிக்கட்டில் ஒரு பகல் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நாலு சுவருக்குள் ஆற வேண்டிய புண். கைடம்மா அதே படிக்கட்டில் நின்றுகொண்டு, "இந்த ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா" என்று கூட்டத்துக்குச் சொல்ல ஆரம்பித்தார். நன்றாகப் போயிற்றாம். சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்களாம். ஒரு நாள் அப்படிக் கண்ணைத் துடைத்தவர்களுக்குப் பின்னால் மகளே நின்றிருந்தாள், அம்மாவுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு. டிபன் கேரியரைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவள், பிறகு அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் வெல்டர் ஒருவனைத் தானாகவே பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். பெற்றவளுக்கு அழைப்பில்லை.

அவர்கள் என் கடைக்கு எதிர் மாடிக்குக் குடிவந்தது கைடம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அந்த வீட்டுக்குப் பூட்டு மாற்றினேன், அவ்வளவுதான்.

மறுவாரமே மஞ்சள் குடை எங்கள் சந்துக்குள் வந்தது. எங்கள் சந்துக்குச் சரித்திரம் என்று சொல்ல அடைத்துக்கொண்ட சாக்கடை ஒன்றுதான் உண்டு. ஊர் சுற்ற வந்தவர்களுக்கு அதைக் காட்ட முடியாதல்லவா? ஆகவே கைடம்மா ஒரு கேப்டனைப் படைத்தார். கேப்டனுக்கு ஒரு பெண்டாட்டி. புருஷன் போன கப்பல் திரும்புமென்று தினமும் ஜன்னலில் விளக்கு வைத்தவள். எந்த ஜன்னல்? மகள் வீட்டு ஜன்னல்தான். கூட்டம் அண்ணாந்து பார்க்கும். கைடம்மா வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நின்று கதை சொல்வார். கதை முடிந்ததும் குடை விளிம்புக்குக் கீழாக ஓரக்கண்ணால் மேலே ஒரு பார்வை. அந்த ஒரு பார்வைக்காகத்தான் கேப்டன் கடலோடு போனான்.

முதலில் ஜன்னல் திறந்தே இருந்தது. ஒரு நாள் குழந்தை எட்டிப் பார்த்தபோது கைடம்மாவுக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. சமாளிப்பதற்காக, "அதோ, அந்தக் கேப்டன் வம்சத்துல வந்த குழந்தை" என்று சொல்லி வைத்தார். அவ்வளவுதான், எல்லோருக்கும் குழந்தையைப் போட்டோ எடுக்க வேண்டும். கொடியில் காய்கிற துணியைப் போட்டோ எடுத்தார்கள். விளக்கைப் பார்க்க வேண்டுமென்று கதவைத் தட்டினார்கள். அதோடு ஜன்னல் மூடிக்கொண்டது, திரையும் விழுந்தது. போன வாரம் ஒருவர் செருப்புக்காலோடு மாடியேறி, குழந்தை தூங்கிக்கொண்டிருந்த அறைக்குள்ளேயே போய் நின்றார். வெல்டர் அவரைக் கீழே தள்ளாமல் விட்டது அவருடைய நல்ல நேரம். வீட்டுக்காரனுக்கோ வேறு கணக்கு. இவ்வளவு பேர் பார்க்க வருகிற வீட்டில் ஒரு காபிக்கடை வைத்தால் என்ன என்று யோசனை வந்துவிட்டது. காலி பண்ணச் சொன்னான். அவர்களும் சரி என்றார்கள்.

இதில் கைடம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நான் வாய் திறப்பதில்லை என்று மகளுக்குத் தலையாட்டியிருந்தேன். தலையாட்டிவிட்டு, கடை ஷட்டரை இறக்கிப் பூட்டி, நேராக மணிக்கூண்டுக்கு நடந்தேன். சொல்லத்தான் போனேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. கால் போயிற்று.

வானம் பழைய அலுமினியச் சட்டிபோல் கவிழ்ந்து கிடந்தது. கூட்டம் சின்னதுதான். தொப்பி போட்ட ஒருவர், கழுத்தில் கேமரா. அவர் மனைவி, முழங்கால் வலி. ஒருவர் கையை ஒருவர் விடாத ஒரு புதுமண ஜோடி. இன்னும் சில பேர். கைடம்மா என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"என்னண்ணே, பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்லதான் இருக்கீங்க. இப்பத்தான் சுத்திப் பாக்கணும்னு தோணுச்சா?"

"கடையில வேலை இல்ல. நீங்க என்னென்ன புளுகுறீங்கன்னு ஒரு நாள் கேட்டு வைக்கலாம்னுதான்."

சிரித்தார். பிறகு தோள்பையைத் திறந்து, யாருக்கும் தெரியாமல் காட்டினார். வெள்ளைக் காலர் வைத்த ஒரு குட்டிக் கவுன், பாலிதீன் கவரோடு.

"இன்னிக்கு ஏறிடப் போறேண்ணே. கூட்டத்த அனுப்பிட்டு மாடியேறிக் கதவத் தட்டிடுவேன்."

"திடீர்னு என்ன?"

"நேத்து நீங்க பாக்கல? ஜன்னல் ஃபுல்லா திறந்திருந்துச்சு. திரையக்கூட எடுத்துட்டா. எத்தன மாசமா மூடியே கெடந்தது. நான் பாக்கணும்னுதானே எடுத்திருக்கா?"

திரையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. வழக்கமாக அந்த இடத்தைத் தாண்டி எதுவும் உள்ளே திரும்பியதில்லை. அன்றைக்குத் திரும்பிவிட்டது.

குடை உயர்ந்தது. நடந்தோம்.

பழைய சுங்க அலுவலகக் கட்டடத்தைப் பார்த்தோம். அகலமான படிகள், நடுவில் தேய்ந்து குழிந்து போனவை. எத்தனை பேர் கெஞ்சிக்கொண்டு ஏறி, திட்டிக்கொண்டு இறங்கிய படிகள் என்று கைடம்மா சொன்னார். தூண்களில் உப்புக்காற்று அரித்த இடமெல்லாம் சிமெண்ட் பூசி, அம்மைத் தழும்பு போலிருந்தது. அதற்கப்புறம் கிடங்குத் தெரு. இரண்டு பக்கமும் இரும்புக் கதவுகள், அவற்றில் நான் இதுவரை தொட்டே பார்க்காத பெரிய பூட்டுகள், துரு ஏறிச் சாவித்துவாரமே மூடிப்போய். மேல்மாடிச் சுவர்களிலிருந்து மூட்டை தூக்கும் உருளைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கதவிடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தேன். மிளகு வாசனை எதிர்பார்த்தேன். எலிப்புழுக்கைதான்.

"இதுக்குள்ள ஒரு கணக்குப்பிள்ளைய வச்சுத் தெரியாமப் பூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று கைடம்மா ஆரம்பித்தார். முழங்கால் அம்மா உச்சுக்கொட்டினார். புதுமண ஜோடி இன்னும் இறுக்கமாகக் கை கோத்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்தக் கணக்குப்பிள்ளைமேல் இரக்கம் வந்துவிட்டது, புளுகு என்று தெரிந்தும்.

கடலோரப் படிக்கட்டை மட்டும் அவர் நிற்காமல் கடந்தார். தொப்பிக்காரர் விடவில்லை.

"இங்க ஒண்ணும் கதை இல்லையாம்மா?"

"இங்க ஒண்ணும் இல்லீங்க. பாசி, வழுக்கும். வாங்க."

கடல் பாத்திரம் கழுவிய தண்ணீர்போல நிறமில்லாமல் படியை நக்கிக்கொண்டிருந்தது. அறுந்த கயிறு ஒன்றும் ஒற்றைச் செருப்பு ஒன்றும் அலையில் போய்ப் போய் வந்தன.

மதியம் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தபோது கைடம்மா என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"கதவத் தொறந்ததும் என்ன சொல்லணும்னு ஒத்திக பாத்துட்டிருக்கேண்ணே. ஊருக்கெல்லாம் கதை சொல்றேன், இதுக்கு வாயி வரல."

"ஒண்ணும் சொல்லாதீங்க. கவுன நீட்டுங்க, போதும்."

"ஆமா. அதான் சரி. வாயத் தொறந்துதானே கெட்டேன்." சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். "கொழந்த யார் ஜாடைண்ணே? நீங்க கிட்டக்கப் பாத்திருக்கீங்கள்ல?"

"மூக்கு உங்க மூக்கு."

"பாவம்" என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு லாரி விஷயத்தை எப்படிச் சொல்வது? பக்கத்துத் தெருப் பெண் ஓடிப்போனதை அவள் அப்பனுக்கே முதலில் போய்ச் சொன்னவன் நான். அப்பேர்ப்பட்டவன் தண்ணீர் குடித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கலங்கரை விளக்கம். உள்ளே சுழன்று சுழன்று போகும் படிகள், ஈரச்சுவர், வௌவால் நாற்றம். முழங்கால் அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டு, "என் பங்குக்கும் நீங்களே பாத்துட்டு வாங்க" என்றார். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கைடம்மா அங்கே மட்டும் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, நகரத்தைக் கை நீட்டிக் காட்டினார். துருப்பிடித்த தகரக் கூரைகள், கிரேன்கள், பாதி உடைத்த ஒரு கப்பல், அதற்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கும் சந்துகள்.

"அதோ, தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல ஒரு பச்சை ஜன்னல் தெரியுதா? அங்கதான் கடைசியாப் போறோம்."

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு ஜன்னல் தெரியவில்லை. எங்கள் சந்து முனையில் நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு லாரி பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது தெரிந்தது. யாரோ கையை ஆட்டி ஆட்டி வழி சொன்னார்கள். இங்கிருந்து எறும்பு மாதிரி இருந்தாலும் அந்த வெல்டரின் நடை எனக்குத் தெரியும்.

கைடம்மாவின் முழங்கையைப் பிடித்தேன்.

"கைடம்மா, அந்த லாரி..."

"எந்த லாரி?"

"உங்க பொண்ணு வீட்டுக்குத்தான். காலி பண்றாங்க. காலையிலயே தெரியும். சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. திரை இல்லாத ஜன்னலை இன்னொரு முறை பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம் படி இறங்க ஆரம்பித்தார்.

அந்தப் படியை அந்த வயசில் அவ்வளவு வேகமாக யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. கீழே வாசலுக்கு வந்ததும், மழை தூறியதாலோ, இத்தனை வருஷத்துப் பழக்கத்தாலோ, கை தானாகக் குடையை விரித்தது. தானாக உயர்ந்தது. மஞ்சள் குடை ஓட ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் கூட்டமும் ஓட ஆரம்பித்தது.

"ஏன் ஓடுறாங்க?" என்று புதுமணப் பெண் கேட்டாள்.

"கடைசி எடம் மூடிடுவாங்க போல" என்றான் மாப்பிள்ளை.

குறுக்குவழி. மீன் ஏலக் கொட்டகை வழியாகப் போனோம், ஈரத்தரையில் வழுக்கி வழுக்கி. "மீன் ஏலம்" என்றார் கைடம்மா, நிற்காமல். உப்புக் கிடங்கைத் தாண்டியபோது "உப்பு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் மூச்சு இல்லை. பின்னாலிருந்து முழங்கால் அம்மா, "அம்மா, என்னை விட்டுட்டுப் போறீங்களே" என்று குரல் கொடுத்தார். கைடம்மா திரும்பவில்லை. குடை ஒரு சாண் உயர்ந்தது. முழங்கால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். நான் இரண்டு முறை, "குடைய மடக்குங்க, கூட்டம் கூடவே வருது" என்று கத்தினேன். என் மூச்சும் அந்த வயசுதான். குரலைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சந்துக்குள் நுழைந்தபோது லாரி புறப்படுகிற நிலையில் இருந்தது. வெல்டர் பின்னால் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். கட்டில் கால்கள், கேஸ் அடுப்பு, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். முன்சீட்டில் மகள், மடியில் குழந்தை. கண்ணாடி இறங்கியிருந்தது. முதலில் அவள் அம்மாவைத்தான் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு விநாடி அந்த முகத்தில் கோபம் இல்லை. வாய்கூட லேசாகத் திறந்தது. பிறகு பார்வை அம்மாவின் தோளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. கேமரா, செல்போன், மூச்சிரைக்கிற கூட்டம்.

"கடைசி நாள்லயுமா கூட்டிட்டு வந்தே?"

கைடம்மா திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மேலே பார்த்தார். குடை உயரத்தில்.

"நான் கூட்டிட்டு வரலடி. அவங்களா..."

தொப்பிக்காரர் ஜன்னலோரக் குழந்தையைக் க்ளிக் செய்தார். அந்தச் சத்தத்துக்குக் கண்ணாடி மேலேறியது.

கைடம்மா பையிலிருந்து கவுனை எடுத்து வெல்டரிடம் நீட்டினார். நான் சொல்லிக் கொடுத்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாங்கினான். கவர் வழியாக அந்தக் குட்டிக் காலரைப் பார்த்தான். முன்சீட்டைப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தே. நான் வாங்கிட்டா, போற வீட்டுல மொத நாளே சண்ட. கொஞ்சம் வழி விடுங்க, லாரி திரும்பணும்."

வழி விட்டோம். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம். லாரி போயிற்று. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஓடிப்போய்ப் பார்க்க என் கால் துடித்தது. அதை மட்டும் செய்யவில்லை.

முழங்கால் அம்மா அப்போதுதான் வந்து சேர்ந்தார். "நான் எதையாவது விட்டுட்டேனா?" என்றார்.

"அந்தக் கேப்டன் வீடு இதானே?" என்று தொப்பிக்காரர் மேலே காட்டினார். "ஜன்னல் திறந்திருக்கே. சொல்லுங்கம்மா, இதுக்காகத்தான் வந்தோம்."

"கேப்டன்னு யாரும் இல்லீங்க. நானாச் சொன்னது."

"அது தெரிஞ்சதுதானேம்மா. சும்மா சொல்லுங்க."

கைடம்மா சொல்லவில்லை. தூறலில் நனைந்து நின்ற கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெல்லக் கலைந்தது. புதுமண ஜோடி நன்றி சொல்லிவிட்டுப் போயிற்று. தொப்பிக்காரரும் மனைவியின் கையைப் பிடித்துத் திரும்பியபோது, கைடம்மா பின்னாலேயே நாலடி போனார்.

"ஏங்க, லாரிகிட்ட ஒரு போட்டோ எடுத்தீங்கள்ல. அத எனக்கு அனுப்ப முடியுமா?"

தொப்பிக்காரர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். பாதி ஏறிய கண்ணாடி. அதற்குப் பின்னால் மகளின் தோள் மட்டும். குழந்தை முகம் முழுசாக விழுந்திருந்தது. எங்களை யாரையும் அது பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து, கையைத் தூக்கி, மேலே எதையோ காட்டிக்கொண்டிருந்தது.

"எதப் பாத்து கைய நீட்டுது?" என்றார் கைடம்மா.

"குடைய" என்றேன். "தெனமும் குடை வருமான்னு கேக்கும். காலையிலகூடக் கேட்டுச்சு."

ஊரில் நடந்ததையெல்லாம் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன், இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு சேதி என்றே எனக்குப் படவில்லை. கைடம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழங்கால் அம்மாதான் கடைசியில், "பேட்டரி போயிடும்" என்று கேமராவை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரன் வந்தான். பழைய பூட்டைக் கழற்றிப் புதுசு போட வேண்டும். காலையிலேயே சொல்லி வைத்த வேலை. கருவிப்பையை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். காலி அறை. சுவரில் நாள்காட்டி தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. தரையில் ஒரு பால்பாட்டில் மூடி. வீட்டுக்காரன், காபி மெஷின் எங்கே வைக்கலாம், மேசை எங்கே போடலாம் என்று கையால் காற்றை அளந்துகொண்டிருந்தான். ஸ்க்ரூவைத் திருகிவிட்டு ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.

கைடம்மா போகவில்லை. தினமும் நிற்கிற அதே இடத்தில், வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். எதிரே கூட்டம் இல்லை, என் கடை ஷட்டர்தான் இருந்தது. இத்தனை மாசமும் கடையில் உட்கார்ந்து, கீழேயிருந்து அவர் முகத்தைப் பார்த்தே பழகிவிட்டேன். அந்த முகம் படும் பாட்டைப் பார்த்தும் இந்தப் பெண்ணுக்கு மனசு இளகவில்லையே என்று திட்டியும் இருக்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் முகமே இல்லை. ஒரு மஞ்சள் வட்டம். அதற்குக் கீழே இரண்டு செருப்பு நுனி. அவ்வளவுதான் தெரிந்தது.

"கைடம்மா, குடைய எறக்குங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பவில்லை. யாரோ பின்தங்கிவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். குடை இன்னும் ஒரு சாண் உயர்ந்தது.